இமெயிலில் இணைத்த பைல் எழுத்தாக மாறுவது எப்படி?

"8.2 எம்.பி. என்பது 10 எம்.பி.யை விடச் சின்னதுதானே தம்பி? அப்புறம் ஏன் திருப்பி அனுப்பிட்டான்?"

பெரியப்பா போனில் கேட்ட முதல் கேள்வி இது. பணி ஓய்வுக்குப் பின் அவர் லேப்டாப் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியம்மாவின் கண் ஆபரேஷனுக்குச் செலவான பணத்தைத் திரும்பப் பெற, ஆஸ்பத்திரி பில்களை ஸ்கேன் செய்து ஓர் அலுவலகத்திற்கு இமெயிலில் அனுப்ப வேண்டும். அன்று மாலை 5 மணிதான் கடைசி நேரம். மெயில் 10 எம்.பி.க்கு மேல் இருந்தால் ஏற்கப்படாது என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். பெரியப்பாவின் பி.டி.எஃப். பைல் 14 பக்கம், 8.2 எம்.பி. அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அது திரும்பி வந்துவிட்டது. நேரம் அப்போது மூன்றரை.

திரும்பி வந்த மெயிலில் 552 என்று ஓர் எண்ணும், அளவு அதிகம் என்று ஓர் ஆங்கில வாக்கியமும் இருந்தன. அதற்குக் கீழே, அவர் தமிழில் டைப் செய்த கடிதம் இருக்க வேண்டிய இடத்தில், இடைவெளியே இல்லாமல் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஏழெட்டு வரிகள். "வைரஸ் ஏதாச்சும் புகுந்துடுச்சா?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

வைரஸ் இல்லை. அந்தக் குழப்பமான வரிகள் அவர் எழுதிய கடிதமேதான், ஓர் எழுத்துகூடக் குறையாமல். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் போட்டோவும் பாட்டும் பி.டி.எஃப்.பும், ஏன், தமிழ்க் கடிதமும்கூட, வழியில் வெறும் ஆங்கில எழுத்துகளாக மாறித்தான் பயணம் செய்கின்றன. ஏன் அப்படி, எப்படி என்று பார்ப்போம்.

தந்தி போன்ற ஒரு சாதனம்

2013 ஜூலை வரை நம் நாட்டில் தந்தி இருந்தது. தந்தியில் எழுத்துகளை அனுப்பலாம். மாம்பழம் அனுப்ப முடியாது, கல்யாண போட்டோவும் அனுப்ப முடியாது. இமெயிலும் பிறந்தபோது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

இன்றும் இமெயிலுக்கு அடித்தளமாக இருக்கும் விதிகள் 1982 ஆகஸ்டில் எழுதப்பட்டவை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் மெயிலை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதை ஜான் போஸ்டல் எழுதினார். மெயில் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை டேவிட் கிராக்கர் எழுதினார். இரண்டுமே ஆஸ்கி எனப்படும் ஆங்கில எழுத்து வரிசையை மட்டுமே மனதில் வைத்தவை. ஆஸ்கியில் மொத்தம் 128 குறியீடுகள். அதில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து, எண், நிறுத்தக் குறி எல்லாம் சேர்த்து, காலி இடத்தையும் கணக்கில் எடுத்தால் 95. மற்றவை "அடுத்த வரிக்குப் போ" என்பது போன்ற கட்டளைகள்.

128 குறியீட்டுக்கு 7 பிட் போதும். பிட் என்றால் 0 அல்லது 1 என்னும் ஒற்றை இலக்கம். ஆனால் கம்ப்யூட்டரில் உள்ள பைல் 8 பிட் கொண்ட பைட்டுகளால் ஆனது. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். 7 பிட் மட்டுமே எதிர்பார்க்கும் மெயில் சர்வர் ஒன்று வழியில் இருந்தால், எட்டாவது பிட்டை அது வெட்டி எறிந்துவிடக்கூடும். கடிதத்தில் ஓர் எழுத்து மாறினால் நாமே யூகித்துப் படித்துக்கொள்வோம். போட்டோவில் பாதி பைட்டுகள் மாறினால் அது போட்டோவே இல்லை.

இன்னொரு தொல்லை வரியின் நீளம். மெயிலில் ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டக் கூடாது. போட்டோ பைலில் வரி என்று ஒன்றே கிடையாது. ஆக, பைலை அப்படியே உள்ளே வைத்தால் அது உருப்படியாகப் போய்ச் சேராது.

இதற்கு ஆரம்பத்தில் ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1980-ல் பெர்க்லியில் மேரி ஆன் ஹார்ட்டன் எழுதிய யூயூஎன்கோட் என்ற புரோகிராம் பைலை எழுத்தாக மாற்றித் தரும். அனுப்புபவர் தனியாக மாற்றி, மெயிலில் ஒட்டி அனுப்புவார். பெறுபவர் அதை வெட்டி எடுத்து, தன் கம்ப்யூட்டரில் திருப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை நடந்தது. ஆனால் அது நிறுத்தக் குறிகளையும் காலி இடத்தையும் பயன்படுத்தியதால், வேறு எழுத்து வரிசை வைத்திருந்த பெரிய கம்ப்யூட்டர்கள் வழியாகப் போகும்போது அவை மாறிவிடும் ஆபத்து இருந்தது. வரிக் கடைசியில் உள்ள காலி இடங்களை "தேவையில்லாதவை" என்று எண்ணி நறுக்கிவிட்ட சர்வர்களும் உண்டு.

1992 மார்ச் 11 அன்று நதானியேல் போரன்ஸ்டைன் ஒரு மெயில் அனுப்பினார். அதில் ஒரு போட்டோவும் ஓர் ஒலிப் பதிவும் இணைந்திருந்தன. அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து பாடும் குழுவின் படமும் பாட்டும்தான் அவை. தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதால் குழுவின் பெயர் டெலிபோன் கார்ட்ஸ். நாம் இன்று அட்டாச்மெண்ட் என்று சொல்வதன் முறையான தொடக்கம் அதுதான். அவரும் நெட் ஃப்ரீடும் சேர்ந்து எழுதிய அந்த விதித் தொகுப்பு 1992 ஜூனில் வெளியானது. மைம் என்பது அதன் சுருக்கப் பெயர். 1996 நவம்பரில் திருத்திய வடிவம் வந்தது. இன்று உங்களுக்கு வரும் எந்த மெயிலைத் திறந்து பார்த்தாலும், மைம் வெர்ஷன் 1.0 என்று ஒரு வரி இருக்கும். அன்று போட்ட எண் இன்னும் மாறவே இல்லை.

மூன்றை நான்காக்கும் கணக்கு

பழைய விதிகளைத் தூக்கி எறியாமல், "சரி, எழுத்து மட்டும்தான் போகுமா? அப்படியானால் எல்லாவற்றையும் எழுத்தாக்கி விடுவோம்" என்பதுதான் மைம் செய்த வேலை. உலகில் உள்ள லட்சக்கணக்கான சர்வர்களில் எதையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு முனையிலும் உள்ள மெயில் புரோகிராம்களுக்குத் தெரிந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்த இன்ஜினியரிங் தீர்வுகளில் இது ஒன்று.

எழுத்தாக்கும் முறையின் பெயர் பேஸ்64. எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாமல் இருக்கும் என்று நம்பக்கூடிய 64 குறிகளை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, 0 முதல் 9 வரை எண்கள் 10, கூட்டல் குறி, சாய்கோடு. மொத்தம் 64. இவற்றுக்கு 0 முதல் 63 வரை வரிசை எண் உண்டு. பெரிய ஏ என்பது 0, சிறிய ஏ என்பது 26, பூஜ்யம் என்ற எண்ணின் வரிசை 52, கூட்டல் குறி 62, சாய்கோடு 63.

64 குறிகளைச் சுட்ட 6 பிட் போதும். பைலில் இருப்பதோ 8 பிட் கொண்ட பைட்டுகள். எட்டெட்டு மாம்பழம் உள்ள மூன்று கூடைகளை, ஆறாறு பழம் கொள்ளும் நான்கு கூடைகளுக்கு மாற்றுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் 24, இங்கும் 24. பழம் ஒன்றும் குறையவில்லை, கூடைதான் ஒன்று கூடியது.

பெரியப்பாவின் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அது "ஐயா," என்று ஆரம்பிக்கிறது. தமிழ் எழுத்துகள் யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். "ஐ" என்ற எழுத்துக்கு அந்த மூன்று பைட்டுகள் 224, 174, 144. இவற்றைப் பிட்டுகளாக எழுதினால்:

11100000 10101110 10010000

இதே 24 இலக்கங்களை ஆறு ஆறாக வெட்டினால்:

111000 001010 111010 010000

இப்போது கிடைக்கும் எண்கள் 56, 10, 58, 16. பட்டியலில் 56-வது இடத்தில் இருப்பது 4 என்ற எண். 10-வது இடத்தில் பெரிய கே. 58-வது இடத்தில் 6. 16-வது இடத்தில் பெரிய க்யூ. ஆக "ஐ" என்ற எழுத்து மெயிலில் "4கே6க்யூ" என்று போகிறது, ஆங்கில எழுத்தில். அடுத்து வரும் "ய" 4கே6வி ஆகிறது. துணைக்கால் 4கே6 என்று ஆரம்பித்துக் கூட்டல் குறியில் முடிகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? மூன்றுமே 4கே6 என்றுதான் ஆரம்பிக்கின்றன. தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175 என்பதால் இப்படி அமைகிறது. 174 என்றால் 4கே6; 175 என்றால் 4, கே, கூட்டல் குறி. உதாரணமாக, மெய்யெழுத்தின் புள்ளி இரண்டாவது வகை. எனவே திரும்பி வந்த மெயிலில் 4கே6, 4கே6 என்று திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கண்டால் பயப்பட வேண்டாம். அது யாரோ எழுதிய தமிழ். பெரியப்பா போனில் முதல் வரியை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க ஆரம்பித்தார். நான்கு எழுத்து முடிந்ததும் "அது உங்க கடிதம்தான் பெரியப்பா, 'ஐயா'ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க" என்றேன். வைரஸ் பயம் அத்தோடு தீர்ந்தது. நான் ஏதோ ஜோசியம் தெரிந்தவன் என்று பெரியம்மாவிடம் சொன்னாராம்.

இதே வகையில் மற்ற பைல்களுக்கும் முகவெட்டு உண்டு. ஜேபெக் போட்டோ என்றால் முதல் நான்கு குறி சாய்கோடு, 9, சிறிய ஜே, மறுபடியும் சாய்கோடு. பி.டி.எஃப். பைல் ஜே, வி, பி, இ, ஆர் என்று பெரிய எழுத்துகளில் ஆரம்பிக்கும். விண்டோஸ் புரோகிராம் பைல்களுக்கு முதல் இரண்டு எழுத்து டி, வி. போட்டோ என்று சொல்லி வந்த அட்டாச்மெண்ட் உள்ளே டி.வி. என்று ஆரம்பித்தால் அது படமல்ல, டி.வி.யும் அல்ல!

பைலின் மொத்த பைட்டுகள் மூன்றால் சரியாக வகுபடாவிட்டால்? கடைசியில் ஒரு பைட் மிஞ்சினால் இரண்டு சமக்குறியும், இரண்டு பைட் மிஞ்சினால் ஒரு சமக்குறியும் போட்டு நிரப்பிவிடும். அந்தச் சமக்குறிகள் அவ்வளவுதான், வேறு அர்த்தம் இல்லை.

8.2 எப்படி 11.2 ஆனது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மூன்று பைட் நான்கு எழுத்தாவதால் பைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுகிறது. அது தவிர, பேஸ்64-ல் ஒரு வரிக்கு 76 எழுத்துதான். ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு பைட் கூடும். எல்லாம் சேர்த்தால் சுமார் 37 சதவீதம் கூடுதல். 8.2 எம்.பி. பைல் மெயிலுக்குள் போனதும் 11.2 எம்.பி. ஆகிவிட்டது.

சர்வர் எடைபோடுவது இந்தப் பெருத்த மெயிலைத்தான். 552 என்ற எண் மெயிலின் அளவு வரம்பைத் தாண்டியதைக் குறிக்கும் பதில் எண். அந்த அலுவலகத்தின் சர்வர் விதிப்படிதான் நடந்துகொண்டது. அறிவிப்பை எழுதியவர் "பைல் 7 எம்.பி.க்குள் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தால், ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் அலையாமல் இருந்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பயன்படுத்தச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியைக்கூட யோசிப்பதில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

நீங்கள் நினைவில் வைக்க ஒரு கணக்கு: சொல்லப்பட்ட வரம்பை 0.73 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 10 எம்.பி. என்றால் பைல் 7.3-க்குள், 25 எம்.பி. என்றால் 18-க்குள் இருப்பது நல்லது. பல பைல்களை இணைத்தால் எல்லாவற்றின் கூட்டுத் தொகைக்கும் இதே கணக்குதான்.

"ஜிப் பண்ணி அனுப்பலாமா?" என்று பலர் கேட்பார்கள். ஜேபெக் போட்டோவும் ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிப் செய்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. ஸ்கேன் செய்யும்போதே அளவைக் குறைப்பதுதான் வழி. பெரியப்பா 300 டி.பி.ஐ. அளவில், கலரில் ஸ்கேன் செய்திருந்தார். அதை 150 ஆக்கினால் நீளத்திலும் அகலத்திலும் பாதி, ஆகப் புள்ளிகள் நான்கில் ஒரு பங்கு. பில்லுக்குக் கலர் எதற்கு? கறுப்பு வெள்ளைச் சாயலில் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன். 14 பக்கமும் முடிந்தபோது மணி 4.35. பைல் 2 எம்.பி.க்கும் கீழே. 4.40-க்கு அனுப்பினார், திரும்பி வரவில்லை.

ஒரு மெயிலுக்குள் பல பொட்டலங்கள்

கடிதம், பி.டி.எஃப். இரண்டும் ஒரே எழுத்து ஓட்டமாகப் போகிறது என்றால், எது எங்கே முடிகிறது என்று பெறும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? மெயிலின் தலைப்பகுதியில் ஓர் எல்லைக் கோடு அறிவிக்கப்படும். அர்த்தமில்லாத நீளமான எழுத்துக் கோவை அது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இரண்டு சிறுகோடு போட்டு அந்தக் கோவை வரும். கடைசிப் பகுதி முடிந்ததும் அதன் பின்னாலும் இரண்டு சிறுகோடு. பேஸ்64-ன் 64 குறிகளில் சிறுகோடு இல்லாததால், பைலுக்குள் தற்செயலாக எல்லைக் கோடு வந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு சீட்டு உண்டு. உள்ளே இருப்பது என்ன வகை, எந்த முறையில் எழுத்தாக்கப்பட்டது, பைலின் பெயர் என்ன, அதைக் கடிதத்தோடு காட்ட வேண்டுமா அல்லது தனி அட்டாச்மெண்ட்டாக வைக்க வேண்டுமா என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

தடித்த எழுத்து, கலர், அட்டவணை என்று நீங்கள் அழகுபடுத்தி எழுதும் மெயில் எச்.டி.எம்.எல். வகை. வெப் பக்கங்களை எழுதும் அதே மொழிதான். அதைப் புரிந்துகொள்ளாத மெயில் புரோகிராம் எதிர்முனையில் இருக்கலாம் என்பதால், அனுப்பும் புரோகிராம் பெரும்பாலும் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வைக்கும். முதலில் வெறும் எழுத்து வடிவம், பிறகு அழகான வடிவம். பெறும் புரோகிராம் தனக்குப் புரிவதில் கடைசியாக இருப்பதைக் காட்டும். ஒரே ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டாலும் கடிதம் இரண்டு பிரதியாகத்தான் போகிறது.

எல்லாவற்றையும் பேஸ்64 ஆக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் ஆங்கிலமாக உள்ள கடிதத்திற்குக் கோட்டட் பிரிண்டபிள் என்று இன்னொரு முறை உண்டு. சாதாரண எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு, மற்ற பைட்டுகளை மட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு இலக்கமுமாக எழுதும். சில பழைய மெயில்களில் வரிக் கடைசியில் சமக்குறியும், ஆங்காங்கே =20 என்றும் பார்த்திருப்பீர்கள். அது திருப்பி மாற்றப்படாமல் விட்டுப்போன இம்முறையின் மிச்சம்; =20 என்பது ஒரு காலி இடம். தமிழுக்கு இது நட்டம். ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து என்பதால், "ஐ" என்ற ஓர் எழுத்துக்கு ஒன்பது குறி செலவாகும். பேஸ்64-ல் நான்கே போதும்.

தமிழ் மெயில் ஏன் கோணல்மாணலாகிறது?

சீட்டில் எழுத்து வகையும் குறிக்கப்பட வேண்டும். யூ.டி.எஃப்.-8 என்று குறிக்காமல் விட்டாலோ, தவறாகக் குறித்தாலோ, பெறும் புரோகிராம் அந்தப் பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகளாக எண்ணிக் காட்டும். 224 என்பது அங்கே தலையில் சாய்ந்த கோடு போட்ட சிறிய ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர். இந்த ஜோடி வரிசையாக வந்தால் உள்ளே இருப்பது நல்ல யூனிகோடு தமிழ்தான், சீட்டுதான் தப்பு. உங்கள் புரோகிராமின் மெனுவில் டெக்ஸ்ட் என்கோடிங் என்று இருந்தால் அதை யூனிகோடு என மாற்றிப் பாருங்கள்.

யூனிகோடு பரவும் முன் அனுப்பப்பட்ட மெயில்களில் நிலைமை வேறு. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. மெயில் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால் அதே எழுத்துரு எதிர்முனையில் இல்லாவிட்டால், அர்த்தமற்ற ஆங்கிலமாகத் தெரியும். தஸ்கி முறை ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டுத் தமிழை 128-க்கு மேல் வைத்தது. ஒரே கடிதத்தில் இரண்டு மொழியும் எழுத முடிந்தது. ஆனால் அதற்கு எட்டாவது பிட் பத்திரமாகப் போயாக வேண்டும். இணையத்தில் தமிழை முதலில் வளர்த்தவர்கள் இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவில்தான் கடிதம் எழுதினார்கள்.

மெயிலின் தலைப்பு வரிக்கும் இதே நோய் உண்டு. அங்கே தமிழ் எழுதினால், சமக்குறி, கேள்விக்குறி, எழுத்து வகையின் பெயர், மறுபடி கேள்விக்குறி, பி அல்லது க்யூ என்று ஆரம்பித்து எழுத்தாக்கப்படும். பி என்றால் பேஸ்64. அந்தக் கோவை திரையில் அப்படியே தெரிந்தால், அதைக் காட்டும் புரோகிராம் அரைகுறை என்று பொருள்.

இது பூட்டு அல்ல

மெயில் போய்ச் சேர்ந்த நிம்மதியில் பெரியப்பா மூன்றாவதாக ஒன்று சொன்னார். "நல்லதாப் போச்சு தம்பி. பாஸ்புக் நகலும் ஆதார் நகலும் அதுலதான் இருக்கு. இப்படிக் குழப்பி எழுதிட்டா எவனும் படிக்க முடியாது."

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பேஸ்64 என்பது வேறு எழுத்தில் எழுதுவது மட்டுமே. அதற்குச் சாவி கிடையாது. மேலே நாம் போட்ட கணக்கைத் தலைகீழாகப் போட்டால் பைல் வந்துவிடும். நான் போனிலேயே நான்கு எழுத்தைக் கேட்டு "ஐ" என்று சொல்லவில்லையா? கம்ப்யூட்டருக்கு அது ஒரு நொடி வேலை. சர்வர்களுக்கு இடையே மெயில் போகும் பாதையை மறையாக்கம் செய்யும் வசதி இன்று பெரும்பாலான சேவைகளில் இருக்கிறது. ஆனால் அது வழிக்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்த பெட்டியில் மெயில் திறந்தபடியேதான் கிடக்கும். பாஸ்வேர்டு தெரிந்த யாரும் பார்க்கலாம். வங்கி விவரம் உள்ள பி.டி.எஃப். பைலை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பைலுக்கே பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டைப் போனில் சொல்லுங்கள். அதே மெயிலில் எழுதி அனுப்பினால் பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த கதைதான்.

சீட்டு பொய் சொல்லலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் என்ன எழுத வேண்டும் என்பது அனுப்புபவர் கையில் இருக்கிறது. 2000 மே 4 அன்று பரவிய ஐ லவ் யூ வைரஸ் ஒரு காதல் கடிதம் என்ற பெயரில் வந்தது. பைலின் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவது போலத் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் வி.பி.எஸ். என்று இன்னொரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. விண்டோஸ் அதை மறைத்துக் காட்டியதால், வெறும் எழுத்து பைல் என்று நம்பி உலகம் முழுவதும் கிளிக் செய்தார்கள். எக்ஸ்டென்ஷனை மறைக்கும் வழக்கம் விண்டோஸில் இன்னும் தொடர்கிறது. விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்திடுங்கள். கம்ப்யூட்டர் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று இது.

அழகுபடுத்திய மெயிலிலும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வெப் முகவரியும், கிளிக் செய்தால் போகும் முகவரியும் வேறு வேறாக இருக்கலாம். மவுஸை அதன் மேல் வைத்து, கிளிக் செய்யாமல், உண்மையான முகவரியைப் பாருங்கள். வங்கிப் பெயரில் வரும் மோசடி மெயில்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, படம் மெயிலுக்குள்ளேயே இல்லாமல் அனுப்பியவரின் சர்வரில் இருக்கலாம். நீங்கள் மெயிலைத் திறந்ததும் படம் அங்கிருந்து எடுக்கப்படும்போது, திறந்துவிட்டீர்கள் என்ற செய்தி அவருக்குப் போய்விடும். ஜிமெயில் செட்டிங்ஸில் வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

இத்தனையையும் நேரில் பார்க்க ஆசையா? உங்களுக்கு நீங்களே ஒரு தமிழ்க் கடிதமும் சின்ன போட்டோவும் அனுப்பிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, ஷோ ஒரிஜினல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தண்டர்பேர்டு என்றால் கண்ட்ரோல் விசையுடன் யூ. மேலே தலைப்பகுதி, பிறகு எல்லைக் கோடு, சீட்டு, 4கே6 என்று உங்கள் கடிதம், மறுபடி எல்லைக் கோடு, சாய்கோடு 9 ஜே சாய்கோடு என்று உங்கள் போட்டோ. பெரியப்பா இதை இரண்டு நாள் கழித்துச் செய்து பார்த்துவிட்டு, தன் பெயர் பேஸ்64-ல் எப்படி வரும் என்று ஒரு பேப்பரில் பிட் பிட்டாகக் கணக்குப் போட்டு எனக்குப் படம் அனுப்பியிருந்தார். ஓர் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டார். மற்றதெல்லாம் சரி.